தூங்குகிற கம்ப்யூட்டருக்குள் வைத்த படம்

வெளியாள் யார் வந்தாலும் நான் அடுப்படி நிலைக்கு உள்ளேயே நின்றுகொள்வேன். பேச்சைக் கேட்பேன், பேச மாட்டேன். அந்த விஜயதசமி அன்று அங்கேயும் கால் தரிக்கவில்லை. உலையைப் பார்க்கப் போவேன், பார்க்காமலே திரும்பி வருவேன்.

மகளைப் பெண் எடுக்கப்போகும் சம்பந்தி காலையிலேயே அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். கல்யாணப் பத்திரிகையின் தலையில் போட, அவர்கள் குலசாமி படத்தை சிடியில் கொண்டுவந்திருந்தார். முதல் பத்திரிகையை அன்றைக்கே அழகர்கோவிலில் சாமி காலடியில் வைத்து எடுக்க வேண்டும். பத்திரிகை வேலைக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. எங்கள் முன்னறையில் மகனும் மருமகளும் அந்தத் தொழில்தான் செய்தார்கள். மருமகள் எல்லாம் டைப் செய்து முடித்திருந்தாள். படம் ஒன்றுதான் பாக்கி.

பிறகு எதற்குப் பதற்றம் என்றால், மகளுக்கு இதற்கு முன்னால் கூடிவந்த ஒரு இடம் கலைந்திருந்தது. பூ வைக்க வந்தவர்களின் கார் வழியில் நின்றுபோய்விட்டதாம். சகுனம் சரியில்லை என்று அப்படியே திரும்பிப் போனவர்கள் அப்புறம் வரவே இல்லை. இந்த இடமும் எதையாவது சாக்கு வைத்துப் போய்விடுமோ என்பதுதான் என் பயம்.

கடைக் கம்ப்யூட்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பத்திரிகைக்குத் தமிழ் எழுத்துப் போடுகிற பழைய புரோகிராமைப் புதுக் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. அதனால் மகன் பழைய கம்ப்யூட்டரையே புதுசுக்குள் வைத்துவிட்டான். அதன் டிஸ்க் முழுவதும் ஒரே ஒரு பெரிய பைலாகப் புதுசுக்குள் இருந்தது. திறந்தால் திரைக்குள் இன்னொரு திரையாகப் பழையது எழுந்து வரும். அதன் பெட்டியை இரும்புக்கடைக்காரர் எடுத்துப்போன பிறகும் அது எங்கள் வீட்டில்தான் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

முந்தின நாள் சரஸ்வதி பூசை. இரண்டில் எதற்குப் பொட்டு வைப்பது என்று கேட்டேன்.

"சோறு போடுறது உள்ள இருக்கதுதாம்மா. வெளிய இருக்கது பாட்டுப் போட" என்றான் மகன்.

உள்ளே இருப்பதன் திரை முழுக்க சரஸ்வதி படத்தை வைத்தான். நான் கண்ணாடியில் சந்தனம், குங்குமம் வைத்துச் சூடம் காட்டினேன். சாமி முகத்தோடு இருப்பதை அணைக்கக்கூடாது என்றும் சொன்னேன். நல்ல நாளில் விளக்கைக்கூடக் குளிர வைப்போமே தவிர, அணை என்ற வார்த்தை எங்கள் வீட்டில் வராது. சரி என்று அதை மூடாமல் தூங்க மட்டும் வைத்தான்; சஸ்பெண்ட் என்பான் அதை. வெளிக் கம்ப்யூட்டரில் சாமி பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

விடிந்து சம்பந்தி வந்தபோது, தொழிலைத் தொட நல்ல நேரம் இன்னும் பிறக்கவில்லை.

"என்ன மாப்ள, கடையத் தெறக்கலையா?" என்றார் சம்பந்தி.

"நல்ல நேரம் வரட்டும் மாமா. அது சஸ்பெண்ட்ல இருக்கு."

"சஸ்பெண்டா? லஞ்சம் கிஞ்சம் வாங்கிருச்சாப்பா?"

மகன் சிரித்தான். அவருக்கு நேரமாகிறதே என்று அவனுக்கும் பரபரப்பு. "அத எழுப்பத்தான கூடாது. படத்த வெளிய இருந்தே உள்ள வச்சிருவோம்" என்று, தூங்குகிறதன் டிஸ்க்கை வெளியிலிருந்து திறந்து படத்தை வைத்தான். கம்ப்யூட்டர் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. படிக்காமலே சரி என்று தட்டிவிட்டான். மருமகள் அப்போது உள்ளே மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

நல்ல நேரத்தில் சூடம் காட்டி எழுப்பினோம். நேற்று விட்டபடியே சரஸ்வதி வந்தாள். ஆனால் வைத்த படம் உள்ளே இல்லை. மகன் தேடினான், திரும்ப வைத்தான். அது என்னவோ சொல்லி நின்றது. அணைக்காமல் ரீஸ்டார்ட் மட்டும் கொடுத்துப் பார்த்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியதே தவிர எழவில்லை. பத்திரிகை அதற்குள் இருந்தது.

மருமகள் வந்து பார்த்தாள். "தூங்கும்போது அதோட டிஸ்க்கத் தொட்டீங்களா?"

"ஒரே ஒரு படந்தான வச்சேன்."

"அத்தை கண்ண மூடிக்கிட்டு உப்பு டப்பாவ எடுப்பாங்க. அவங்க தூங்கும்போது டப்பாவ மாத்தி வச்சா, எந்திரிச்சுக் கொழம்புல சீனியத்தான் அள்ளிப் போடுவாங்க. இதுவும் பழைய ஞாபகத்துல எடம் மாத்தி எழுதிருச்சு."

"இப்ப அதுவா சரி பண்ணிக்கிட்டு இருக்குல்ல?"

"எங்க சரி பண்ணுது? இருக்க பைலயும் துண்டு துண்டா வெட்டுது. மொதல்ல அணைங்க."

மகன் அணைக்காமல் அடுப்படிப் பக்கம் பார்த்தான். அணைக்கக்கூடாது என்றவள் நான் அல்லவா. சம்பந்தியின் சிரிப்பும் நின்றுவிட்டது. "விஜயதசமி அதுவுமாவா அணைக்கப் போறீக?" என்றார்.

திரையில் எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. மகள் என் முதுகோடு ஒட்டி நின்றாள். தலையில் வைக்க எடுத்த பூ அவள் கையிலேயே இருந்தது. அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது.

எப்படி நிலையைத் தாண்டினேன் என்று தெரியாது. "அணைச்சிருய்யா" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. வந்தது வந்தாயிற்று என்று சம்பந்தியையும் பார்த்துச் சொன்னேன்: "அண்ணே, செத்த இருங்க. சாப்பிட்டுத்தான் போகணும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நிச்சயதார்த்தத்துலகூட வாயத் தெறக்காத தங்கச்சி பேசிருச்சு! இதவிட என்ன சகுனம் வேணும்? அணைங்கப்பா!" என்றார்.

மகன் அணைத்தான். பழைய கம்ப்யூட்டரை முதலில் புதுசுக்குள் வைத்தபோதே அதை ஒரு டிவிடியிலும் நகல் எடுத்திருந்தார்கள். அந்த நகலைக் கொண்டுவந்து மருமகள் உட்கார்ந்தாள். கெட்டுப்போனதன் டிஸ்க்கைத் திறந்து பத்திரிகையை மட்டும் வெளியே எடுத்தாள். நல்லவேளை, அது வெட்டுப்படாமல் இருந்தது. அதையும் படத்தையும் நகலுக்குள் வைத்து, வெளியிலிருந்து திறந்த டிஸ்க்கை மூடிய பிறகுதான் அதை எழுப்பினாள். அதில் சரஸ்வதி இல்லை, பழைய நீலத் திரைதான். பத்திரிகை திறந்தது. குலசாமி தலையில் ஏறி, முதல் பத்திரிகை அச்சாகி வந்தது.

சம்பந்தி சாப்பிட்டார். உச்சிக்குச் சாத்திய கோவில் நடை திறக்கிற நேரத்துக்கு மகன் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். எனக்குச் சோறு இறங்கவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மகள், "உக்காரும்மா, எனக்கே தல சுத்துது" என்றாள்.

சாயங்காலம் மருமகளின் செல்லுக்கு மகன் பேசினான். சாமி காலடியில் வைத்து எடுத்தாயிற்றாம். தங்கச்சி சாப்பிட்டுச்சா என்று மாமா கேட்கச் சொன்னாராம்.

தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். சோற்றைப் பிசைந்தவள், முன்னறைப் பக்கம் திரும்பிக் கேட்டேன்: "ஏத்தா, அந்தக் கம்ப்யூட்டரு தூங்கலையே, அணைஞ்சுதான இருக்கு?"

"முழுசா அணைஞ்சிருக்கு அத்தை. நீங்க சாப்பிடுங்க."