ஓடாமலே திரும்பும் வண்டிகள்

பைக் வாடகைக்கு விடுகிறவனுக்கு வண்டி எங்கே போய் மோதுமோ என்ற பயம் இருக்க வேண்டும். எனக்கு அது கிடையாது, ஏனென்றால் என் வண்டிகள் பெரும்பாலும் ஓடுவதில்லை.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் பக்கம் கடை. துவாக்குடியிலிருந்து பஸ் ஏறி வரும் காலேஜ் பிள்ளைகளுக்கு வண்டி பக்கத்தில் நின்று படம் எடுத்தால் போதும். கடையில் நான் ஒருவன்தான். வீட்டிலும் அப்படித்தான். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகன் பிரவீன் கோயம்புத்தூரில் படிக்கிறான். போன் செய்தால், "கிளாஸ்ல இருக்கேன்ப்பா" என்பான். அவன் முகத்தை இன்ஸ்டாவில்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையைப் போனில் தேடும் பெற்றோரே, இது உங்களுக்குத்தான்.

புல்லட் வீரர்

ஒரு பையன் புல்லட் கேட்டான். "ஓட்டத் தெரியாதுங்க, நீங்களே கொள்ளிடம் பாலத்துக்குக் கொண்டுவந்துடுங்க" என்றான். என் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தவன், பாலத்தில் இறங்கியதும் சண்டைக்குக் கிளம்புகிறவன்போல வண்டிமேல் ஏறி உட்கார்ந்தான். படம் எடுத்ததும் நான்தான்.

"ஓட்டக் கத்துக் குடுக்கட்டுமா தம்பி?" என்றேன்.

"வேணாங்க. ஓட்டுனா ஹெல்மெட் போடணும், மூஞ்சி தெரியாது."

முதுகு

ஸ்கூட்டி எடுத்துப்போன ஒரு பெண், ஸ்டார்ட் ஆகவில்லை என்று போன் செய்தாள். படித்துறைக்கு ஓடினேன். வண்டிக்கு ஒன்றுமில்லை. வாடகை வண்டி என்று காட்டிக்கொடுக்கும் கறுப்பு நம்பர் பிளேட்டைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள். எதிரே ஸ்டாண்டில் போன் நின்றது. கூட யாரும் இல்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் கேட்டதும் காவிரியைப் பார்த்து நின்றுகொண்டேன். யாருக்கோ துணையாக நின்று ரொம்ப நாளாயிற்று.

"அங்கிள், முதுகு மட்டும் தெரியட்டும். தனியா வந்த மாதிரி இருக்கக் கூடாது, அதான்."

என் கமெண்ட்

ஒரு நாள் பிரவீன் படம் போட்டான். பெரிய பைக், கீழே 'என் புது வண்டி' என்று எழுத்து. என் கண் முகத்துக்குப் போகுமுன் கறுப்பு நம்பர் பிளேட்டுக்கும் டயருக்கும் போய்விட்டது. தொழில் புத்தி. எல்லாரும் பார்க்கும் இடத்திலேயே எழுதினேன்: "தம்பி, வாடகைக் கடைக்காரன் உன்னை ஏமாத்திட்டான். முன் டயர் மொட்டை. ஓட்டாதே. அப்பா."

அதற்குக் கீழே அவன் நண்பர்கள் சிரித்துச் சிரித்து எழுதியிருந்தார்கள். சாயங்காலம் அவன் பக்கமே திறக்கவில்லை. போனையும் எடுக்கவில்லை. அடிபட்டுக் கிடக்கிறானோ என்று பயந்துவிட்டேன். வண்டியைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒரு மாணவனிடம், அவனுடைய போனில் பிரவீன் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். "உங்களை மட்டும் பிளாக் பண்ணியிருக்காருங்க" என்றான் தயங்கித் தயங்கி.

பைக் படத்தை நீக்கிவிட்டு, பிரவீன் தன் முகத்தை மட்டும் புதிதாகப் போட்டிருந்தான். கன்னமெல்லாம் ஒட்டியிருந்தது. "இளைச்சுப் போயிட்டானே" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இல்லைங்க அங்கிள், அது ஃபில்டர்."

இப்போதெல்லாம் வண்டி கேட்டு வருகிறவர்களிடம் லைசென்ஸுக்கு முன்னால் போனைத்தான் வாங்கி பிரவீன் பக்கத்தைப் பார்க்கிறேன், அவன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்பது மட்டும் எந்தப் படத்திலும் தெரிய மாட்டேன் என்கிறது.