அப்பா செல்லம் கொடுத்த துராக்கோ

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, எங்கள் வீட்டுச் செல்லம் எல்லாம் ஒரு பறவைக்குப் போய்க்கொண்டிருந்தது. கனடாவில், மல்வேர்ன் பக்கம் ஒரு அப்பார்ட்மென்டில் அப்பா, சித்தப்பா, நான் என்று மூன்று பேர். அம்மா கொழும்பில் ஒரு லொட்ஜில் கனடா விசாவுக்குக் காத்திருந்தார்.

அப்பாவுக்கு மிருகக்காட்சிசாலையில் பறவைகளுக்குப் பழம் வெட்டும் வேலை. அங்கேதான் அந்தத் துராக்கோ இருந்தது. ஆபிரிக்க மலைக்காட்டு இனம். பச்சை உடம்பு, சிவப்புக் கொண்டை, செட்டையை விரித்தால் உள்ளே இன்னும் சிவப்பு. அதன் காடுகளை வெட்டி அழிக்கிறார்களாம், இனமே அருகிவிட்டதாம், இங்கே குஞ்சு பொரிக்கவைத்துக் காப்பாற்றப் போகிறார்களாம். அதற்கு வேறொரு நாட்டிலிருந்து சோடி வரவேண்டும். அனுமதிப் பேப்பர் இன்னும் சரிவரவில்லை.

வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும் முன்பே அப்பா தொடங்கிவிடுவார்.

“பாவம், அவர் இண்டைக்கும் பப்பாப்பழத்தில வாய் வைக்கேல்லை. தனிய இருந்தால் சாப்பாடு இறங்குமே?”

பறவைக்கு ‘அவர்’! நான் சோற்றை அளைந்துகொண்டிருந்தால், “உவன் திண்டிடுவான், விடு” என்பார் சித்தப்பாவிடம். அந்தப் பறவைக்குப் பழத்தைத் தோல் சீவி, விதை எடுத்து, சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுப்பாராம். எனக்கு ஒரு தோடம்பழம் உரித்துத் தந்தவரில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்ப நீங்கள் அதின்ரை கூட்டுக்குள்ளயே போய்ப் படுங்கோவன்!” என்று ஒருநாள் கத்தினேன். அப்பா சிரித்தார். அது செத்துத் தொலையட்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்தேன்.

அம்மா இன்னும் கொழும்பு லொட்ஜில்தான் இருந்தார். பனி கரைந்த கையோடு பறவையின் சோடி விமானத்தில் வந்திறங்கியது. அதை அப்பா சொல்லவில்லை. அங்கேயே துப்புரவு வேலை செய்த சித்தப்பாதான் கதவைத் திறக்கும்போதே கூவினார்.

“அண்ணை, பொம்பிளை வந்திறங்கியாச்சாம்! ஆலாத்தி எடுக்கேல்லையோ?”

“ஓம். அவைக்குப் பேப்பர் கெதியாச் சரிவந்திட்டுது” என்றார் அப்பா. பிறகு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சித்தப்பாவின் முகம் சுருங்கிப்போனது.

அன்றிலிருந்து அப்பா அந்தப் பறவையைப் பற்றி வாயே திறக்கவில்லை. “அவை சாப்பிடுகினமோ?” என்று நானாகக் கிண்டிப் பார்த்தாலும், “ம்” என்பதோடு சரி. அப்பாடா, அவருக்கு அது வெறுத்துப்போய்விட்டது, வென்றவன் நான்தான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பொறாமை என்பது சின்னப்பிள்ளைகளுக்கு மட்டும் வருகிற ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்த வயது அது.