நம்பிராஜனின் நேச நாடுகள்

நாட்டு நடப்பு தெரியாமல் நம்பிராஜனுக்குப் பல் துலக்கவே வராது. ஈராக்கில் சண்டை நடந்த இரண்டாயிரத்து மூன்றில், பென்னலூர் சந்திரம்மாள் வீட்டு மாடியறையில் அவன், அருள்பாண்டி, ஜெபகுமார், நான் என்று நாலு பேர். எல்லாரும் திருநெல்வேலிப் பக்கம். ஒரே கம்பெனி, ஒரே ஷிப்டு. டீக்கடைப் பேப்பரை அவன் சத்தமாக வாசிப்பான். தப்பிக்க வழியில்லாமல் நாங்கள் கேட்போம்.

“இப்பம் கூட்டுப்படைன்னு போடுதான். ரெண்டாம் உலக யுத்தத்துல அதுக்குப் பேரு நேச நாடுகள். எதிர்த்த கட்சி அச்சு நாடுகள்.”

“அவ்வளவு நேசமாவா இருந்தாங்க?” என்றான் அருள்பாண்டி.

“நேசமாவது மண்ணாவது! ஒருத்தனுக்கொருத்தன் ஆகவே ஆகாது. எதிரி ஒண்ணு, அவ்வளவுதான். ஒருத்தன்மேல கைய வச்சா எல்லாரும் வரணும்ல!”

எங்களுக்கும் எதிரி இருந்தார். வீட்டுக்காரி சந்திரம்மாள் அக்கா தண்ணீர் மோட்டார் போடுவது காலை ஆறு மணிக்கு. கம்பெனி பஸ் ஐந்தரைக்கே போய்விடும். மதியம் திரும்புவதற்குள் தொட்டி காலி. மெஷின் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து நம்பிராஜன் முதுகெல்லாம் சிரங்கு. சூப்பர்வைசர் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவனிடம் பேசுவார்.

ஆகவே நேச நாடுகள் அமைந்தன. ஞாயிறு பத்து மணிக்கு நாலு பேரும் கீழே போய், ஐந்து மணிக்கே மோட்டார் போடச் சொல்வது என்று முடிவு. பேச்சிலருக்கு பென்னலூரில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆனாலும் நாலு பேரையும் ஒரேயடியாக விட அக்காவுக்கு மனசு வராது என்றான் நம்பிராஜன்.

சனிக்கிழமை நோட்டீஸ் போர்டில், விருப்பமுள்ளவர்களுக்கு ஞாயிறு ஓவர்டைம் என்று போட்டார்கள். எங்கள் மூவருக்கும் திடீரென்று விருப்பம் பொங்கிவிட்டது. அவன் தூங்கிக்கொண்டிருக்க, செருப்பைக் கையில் பிடித்தபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கினோம்.

நடந்ததைப் பக்கத்து வீட்டுக் காந்திமதிதான் பிறகு சொன்னாள். பத்து மணி வரை காத்திருந்துவிட்டு அவன் தனியாகவே போயிருக்கிறான்.

“நாங்க நாலு பேரும் முடிவு பண்ணியிருக்கோம்க்கா.”

“இன்னாப்பா, நாலு பேருன்ற? ஒரு ஆளுதானே நிக்கிற? மத்தவனுங்களும் சேந்துதான் சொன்னானுங்களா?”

“இல்லக்கா. அவனுவளுக்கு ஒண்ணும் தெரியாது. நானாத்தான் கேக்கேன்.”

“அப்ப நீ மட்டும் காலி பண்ணு.”

நாங்கள் திரும்பியபோது அவன் டிரங்குப் பெட்டி இல்லை. மறுநாள் ஐந்து மணிக்கு மோட்டார் உறுமியது. மீதி மூன்று பேரும் போய்விடுவோமோ என்று அக்கா பயந்திருக்க வேண்டும். நாங்கள் வாளி வாளியாகக் குளித்தோம்.

ஒரு வாரம் வேலைக்கு வராமல் இருந்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் ஸ்டாப்பில் நம்பிராஜன் கம்பெனி பஸ் ஏறினான். தலை காய்ந்து பறந்தது. எங்கள் ஈரத்தலைகளைப் பார்த்தான்.

“தண்ணி வருதாடே?”

“வருது” என்றேன். அவன் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்து இடம் விட்டேன்.

“அப்பம் நாம ஜெயிச்சிட்டோம்லா!” என்று சிரித்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைச் சொறிந்துகொண்டான்.