யூனிலா மலைக்குப் போவது?

யூன் மாதத் தொடக்கத்தில் உயர்ந்த மலைக்குப் போகக் கூடாது என்பது எங்கள் வகுப்பில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கீழே ஒஸ்லோவில் வெயில் அடிக்கும், மேலே முழங்கால் புதையப் பனி கிடக்கும். அந்தப் பனி உருகி ஆறுகள் பெருகி ஓடும். குளிர்காலத்துக்கு முன்பே கழற்றி வைத்த கோடைப்பாலங்களை ஆறுகளின் மேல் திரும்பப் பூட்ட யூன் கடைசி ஆகும், சில இடங்களில் யூலையும் பிறந்துவிடும். பதினொரு வயதில் எனக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. என்னைவிட முப்பது வயது மூத்தவர்களுக்கு, அதிலும் ஒருவர் நகரத்தில் பேருந்து ஓட்டுகிறவர், அவர்களுக்குத் தெரியவில்லையே என்பதுதான் அந்த வசந்தம் முழுவதும் எனக்கு ஆத்திரம்.

மலைக்குப் போகும் கதையைத் தொடக்கியது சின்னம்மா. அம்மாவின் தங்கை. நாங்கள் ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் இருந்தோம், அவரும் சித்தப்பாவும் பக்கத்தில் அம்மருட்டில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. சின்னம்மாவுக்கு ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. கூட வேலை செய்த நோர்வேப் பெண்கள் கோடை வந்தால் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, ஒரு மலைக்குடிலில் படுத்து எழும்பி அடுத்த குடிலுக்கு, அங்கிருந்து அடுத்ததுக்கு என்று நாட்கணக்கில் நடந்துவிட்டு வந்து கதை கதையாகச் சொல்வார்களாம். ஈஸ்டர் விடுமுறை கழிந்த ஒரு ஞாயிறு, எங்கள் வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவியதும் சின்னம்மா சொன்னார்: "இந்த முறை நாங்களும் ஹித்தை ஹித்தையா நடப்பம்."

ஹித்தை என்றால் அந்த மலைக்குடில்தான். எல்லோரும் சிரிப்பார்கள் என்று பார்த்தேன். எங்கள் ஆட்கள் நடப்பது என்றால் கோயில் வீதியைச் சுற்றி நடப்பதுதான், அதுவும் தேரன்று. ஆனால் ஒருவரும் சிரிக்கவில்லை. எதற்கும் ஆயிரம் நொட்டை சொல்லும் சித்தப்பா, "ஓம், போவம்" என்று உடனே சொல்லிவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமைகளில் வகுப்பில் ஒவ்வொருத்தியும் வார இறுதியில் போன குடிலைப் பற்றிச் சொல்வாள். என்னிடம் இருந்ததெல்லாம் கலியாண மண்டபக் கதைகள். யாருக்கோ பூப்பு நீராட்டு, யாருக்கோ ஐம்பதாவது பிறந்தநாள், எல்லாவற்றிலும் அதே மண்டபம், அதே கொத்துரொட்டி. இனிமேல் எனக்கும் ஒரு மலை இருக்கும்.

சித்தப்பா பெரிய வரைபடம் ஒன்றை வாங்கிவந்து எங்கள் கம்பளத்தில் விரித்தார். முதல் நாள் பார்த்தபோது நான்கு குடில்கள், மூன்று கணவாய்கள், ஒரு பெரிய ஏரி. சித்தப்பா மலையையும் பேருந்துத் தடமாகத்தான் பார்த்தார். இந்தத் தரிப்பில் இத்தனை மணிக்கு நிற்கவேண்டும், அந்தத் தரிப்பில் தேத்தண்ணி என்றெல்லாம் விரலால் ஓட்டிக் காட்டினார். அம்மாவின் கவலை வேறு. சோறு காய்ச்சும் மின்பானையை எந்தப் பையில் வைப்பது என்று கேட்டார். குடிலில் மின்சாரம் கிடையாது என்றேன். "பிறகு என்னெண்டு சீவிக்கிறாங்கள்?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். குடில்களில் போர்வை இருக்கும், உள்ளே நுழைந்து படுக்கும் துணிப்பையை மட்டும் நாங்கள் கொண்டுபோக வேண்டும். கடையில் அழகாக மடித்து விற்பார்கள். அம்மா தன் பழைய நூல்சேலைகளை வெட்டி ஆளுக்கொன்று தைத்தார். எனக்கு வந்தது மாம்பழ மஞ்சளில் பச்சைக் கரை. அதற்குள் படுத்திருப்பதை வகுப்பில் யாராவது பார்த்தால் என்ன ஆகும் என்று நினைத்தே எனக்கு அழுகை வந்தது.

இந்தத் திட்டத்தில் என் பதவி சிறியதல்ல. எங்கள் வீட்டில் வெளியுலகத்தோடு பேசும் வாய் நான்தான். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நோர்வே மொழி நன்றாக வரும், முகம் பார்த்துப் பேசும்வரைக்கும். தொலைபேசியில் கையை ஆட்டிக் காட்ட முடியாதல்லவா, அங்கே தடுமாறிவிடுவார்கள். அதனால் எட்டு வயதிலிருந்தே பல்வைத்தியர், வங்கி, குழாய் உடைந்தால் குடியிருப்பு அலுவலகம் எல்லாவற்றுக்கும் பேசியது நான். அம்மாவுக்கும் வைத்தியருக்கும் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்து, எனக்கே விளங்காத உடம்பு விவகாரங்களை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வசந்தத்தில் அந்த வேலையை என்னிடமிருந்து பறித்துவிட்டார்கள். சின்னம்மா அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கினார், அம்மா துணைக்குப் போவார். நானும் வழக்கம்போல மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன்.

"நீ வேண்டாம்" என்றார் அம்மா. "அங்கை மொழிபெயர்க்கிறதுக்கு ஒரு ஆள் வருவா."

யாரோ முன்பின் தெரியாத ஒருத்தி! நான் என்ன பிழை விட்டேன் என்று கேட்டேன். அம்மா குனிந்து சப்பாத்தை மாட்டினார். சின்னம்மாவுக்கு என்ன என்று கேட்டேன். ரத்தம் குறைவாம், பீற்றூட் சாப்பிட்டால் சரியாகிவிடுமாம். மே மாதத்து வெயிலிலும் சின்னம்மா கம்பளித் தொப்பியைக் கழற்றாமல் இருந்தார். அதைக் கேட்டபோது, "மலைக் குளிருக்கு இப்பவே பழகிறன்" என்றார். நானும் நம்பினேன்.

இதற்கிடையில் எங்கள் பயணம் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகிக் கொண்டிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் வரைபடத்தை விரிக்கும்போது ஒரு குடில் காணாமல் போயிருக்கும். நாலு மூன்றானது. கணவாய் ஏற்றம் கூட என்று அதை வெட்டினார் சித்தப்பா. மூன்று இரண்டானது. ஏரியைச் சுற்றிப் போவானேன் என்று அதையும் வெட்டினார். எங்கள் ஆட்களுக்கு வில்லங்கமே சோம்பல்தான் என்று நான் முடிவுகட்டினேன். மாடிப்படி ஏறாமல் மின்தூக்கிக்குக் காத்து நிற்கிற சனம் மலை ஏறுமா?

குடில்கள் குறைவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். யூன்தான் என்று அடம்பிடித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பனி, ஆறு, பாலம் எல்லாம் எடுத்துச் சொன்னேன். யூலையில் கோயில் கொடியேறிவிடும் என்றார் அம்மா. கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை யூலை முழுவதுமா நடக்கிறது? ஓகஸ்டில் தனக்கு லீவு கிடையாது என்றார் சித்தப்பா. வேலைத்தலத்தில் இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளலாம், போன வருடம் கிரிக்கெட்டுக்காக மாற்றினாரே. ஓகஸ்டில் ஒரு கலியாணம் இருக்கிறது என்றார் அப்பா. அந்த மணமகளின் பெயரே அப்பாவுக்குத் தெரியாது! சாட்டுகளை ஒவ்வொன்றாக உடைத்தேன். கடைசியில் சித்தப்பா வரைபடத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "சின்னப்பிள்ளை வேளாண்மை வீடு வந்து சேராது" என்று பழமொழி சொல்லி என் வாயை அடைத்தார். இடம் பார்த்தது, வழி தேடியது, பாலத்தைப் பற்றிச் சொன்னது எல்லாம் நான். பழமொழியும் எனக்கே.

சரி, பெரியவர் ஒருவரே சொல்லட்டும் என்று நினைத்தேன். அந்தக் குடில்களைப் பராமரிக்கிற ஒருவரின் இலக்கத்தைத் தேடிப் பிடித்து, எல்லோரும் இருக்கும்போது அழைத்தேன். அப்பா, அம்மா, சித்தப்பா, சாய்வு நாற்காலியில் போர்வையோடு சின்னம்மா. அந்த மனிதர் நல்ல குரல்காரர், அவசரமில்லாமல் பேசினார். நான் நினைத்ததைவிட நன்றாகவே சொன்னார். ஒவ்வொரு வசனமாகத் திருப்பிச் சொன்னேன், வெற்றிக் களிப்போடு.

"பனி இன்னும் கனக்கக் கிடக்காம். பாலம் ஒண்டும் போடேல்லையாம். இப்ப வாறது புத்தியில்லையாம்."

அதோடும் நான் விடவில்லை.

"ஏன் இவ்வளவு அவசரப்படுறியள் எண்டு கேக்கிறார். ஓகஸ்டிலை வாங்கோவாம். மலை ஒரு இடமும் ஓடிப் போகாதாம்."

அம்மா எழும்பிச் சமையலறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். கழுவ அங்கே ஒரு கோப்பையும் இருக்கவில்லை. சித்தப்பா வரைபடத்தை மடிக்கத் தொடங்கி, மடிப்புப் பிழைத்து, திரும்ப விரித்தார். சின்னம்மா மட்டும் சிரித்தார்.

"உண்மைதான், மலைக்கு என்ன அவசரம்" என்றார். "பிள்ளை, அந்தாளிட்டை ஒண்டு கேள். பாலம் இல்லாமல் போய்ச் சேரக்கூடிய ஹித்தை ஏதும் இருக்கோ? றோட்டுக்குக் கிட்டவா?"

அந்த அறையில் இருந்த நாலு பேருக்கும் தெரியும், சின்னம்மாவுக்கு வைத்தியர்கள் சொன்ன காலம் கோடையோடு முடிகிறது என்று. ஓகஸ்டைக் காண்பாரா என்பதே சந்தேகம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஊரோடு பேச என் வாய் வேண்டும், ஆனால் என் காதில் மட்டும் எதுவும் விழக்கூடாது. பிள்ளை தாங்காது என்று நினைத்தார்களாம், பிற்பாடு அம்மா சொன்னார். தெரியாமல் நான் பேசிய அந்தப் பேச்சை அவர்கள் தாங்கினார்களே, அது எப்படி? சின்னம்மா அந்தச் செப்டெம்பர் தொடக்கத்தில் எங்களை விட்டுப் போனார்.

ஆக யூனில் போனோம். அந்த மனிதர் சொன்ன, பாலம் தேவைப்படாத ஒரே ஒரு குடில். வாகனம் நின்ற இடத்திலிருந்து என் வகுப்பில் யாரும் அரை மணியில் ஏறிவிடும் தூரம், எங்களுக்கு மதியம் திரும்பிவிட்டது. சித்தப்பா எல்லோருடைய பைகளையும் சுமந்தார். அப்பாவும் அம்மாவும் சின்னம்மாவின் இரண்டு பக்கமும் ஊர்வலம் போல நடந்தார்கள். கற்களில் சிவப்புச் சாயத்தில் வழிக்குறி போட்டிருந்தது. நான் ஒவ்வொரு குறிக்கும் ஓடிப் போய் நின்று, இவர்கள் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இரவு ஐஸ்கிரீம் பெட்டியில் உறையவைத்துக் கொண்டுவந்த ஆட்டிறைச்சிக் கறியை விறகடுப்பில் சூடாக்கினார்கள். மாம்பழ மஞ்சள் சேலைக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தேன்.

காலையில் சின்னம்மா குடிலின் வாசல் வாங்குப்பலகையில் வெயில் பார்த்து உட்கார்ந்திருந்தார். தொப்பி, மேலே இரண்டு போர்வை. எதிரே சரிவு முழுவதும் பனி, அதன் கீழே ஆற்றின் இரைச்சல். அடுத்த ஹித்தை எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன். அங்கே என்ன இருக்கும் என்று கேட்டார். ஏரி இருக்கும், படகு இருக்கும், நாங்கள் வெட்டிவிட்ட கணவாயிலிருந்து பார்த்தால் மூன்று பனியாறுகள் தெரியும், எல்லாவற்றையும் சித்தப்பா கெடுத்துவிட்டார் என்று கொட்டித் தீர்த்தேன். சின்னம்மா ஒன்றையும் விடாமல் கேட்டார்.

"அடுத்த வருசம் ஓகஸ்டிலை வருவம்" என்றேன். "நாலு ஹித்தையும். நீங்களும் நானும். சத்தியம் பண்ணுங்கோ."

கையை நீட்டினேன். உள்ளங்கையில் அடித்துச் சொன்னால்தான் எங்களுக்குள் சத்தியம். சின்னம்மா என் கையைப் பிடித்தார், அடிக்கவில்லை.

"நீ போட்டு வா பிள்ளை. வந்து எனக்கு எல்லாம் சொல்லு."

"இல்லை, நீங்களும் வரவேணும். அடிச்சுச் சொல்லுங்கோ."

"கை குளிர்ந்துபோய்க் கிடக்கு உனக்கு" என்று சொல்லி, என் கையைத் தன் போர்வைக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழி முழுவதும் வாகனத்தின் கண்ணாடிப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். புதுச் சட்டைக்கும், பனிச்சறுக்குக் காலணிக்கும், இனிமேல் பாகற்காய் சமைக்கமாட்டேன் என்பதற்கும் சடார் சடார் என்று அடித்துச் சத்தியம் பண்ணி, பாதியை மறந்தும் போகிற ஆள் சின்னம்மா. இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் கை எழவில்லை? ஒரு மலைக்கு வருகிறேன் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? சின்னம்மா பின்னிருக்கையில் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு என்னோடு வர விருப்பமில்லை என்றே ஒஸ்லோ வரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.