வெற்று ஆசனங்களுக்கு முன்னால்

நான் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதல் வருஷம், கார்த்திகை மழையில், ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் லயம் வெடித்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த காம்பராக்கள் எல்லாவற்றிலும் சுவர் பிளந்திருந்தது. பிளவுக்குள் கை நுழையும். மேலே மலை நகர்கிறது, இனி இங்கே யாரும் இருக்கக்கூடாது என்று அதிகாரிகள் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே இருப்பது என்று சொல்லவில்லை. சனங்கள் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள்.

நான் போய்ப் பார்த்தபோது மழை விட்டு வெகுநாளாகியிருந்தது. அவர்கள் இன்னும் பள்ளிக்கூடத்தில்தான் இருந்தார்கள். வகுப்பறைகளுக்குள் சேலைகளைக் கட்டித் தடுத்து ஒவ்வொரு குடும்பமும் ஒரு மூலையில். காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் விடியுமுன்னே கக்கூசுக்கு வரிசையில் நிற்க வேண்டும். நானும் இப்படியொரு லயத்தில் பிறந்தவன்தான். அன்று காரிலிருந்து இறங்கும்போது அது ஞாபகம் வந்தது. எனக்கு முன்னால் இறங்கியவர் என் படப்பிடிப்பாளர் என்பதும் சேர்ந்து உறைத்தது.

நான் கொண்டுபோன மெத்தைகளை வாங்கிக்கொண்டார்கள். போட்டோவுக்கும் நின்றார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒரு பெண் முன்னால் வந்தார். வயது நாற்பது இருக்கும். புருஷன் கொழும்பில் ஏதோ சாப்பாட்டுக் கடையில் வேலை. இவர் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். அந்தப் பள்ளிக்கூடத்தில் யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் அவரைத்தான் எல்லோரும் முன்னே தள்ளினார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

“ஐயா, அரிசி பருப்பு ஆளாளுக்குக் கொண்டாந்து குடுக்கிறாங்க. குத்தம் சொல்லல. எங்களுக்கு ஒரு துண்டு மண்ணு வேணும். அத மட்டும் கேளுங்க.”

“கேக்கிறேன்க்கா. தோட்டத்துத் துரைகிட்ட பேசுறேன்.”

“தொரைகிட்ட நாங்களே பேசிட்டோம். ஒங்கள ஓட்டுப் போட்டு அனுப்பி வச்சோமே, அந்த எடத்துல கேளுங்க.”

கேட்கத்தான் செய்தேன். சபை கலையும் நேரத்தில் எடுக்கும் ஒத்திவைப்பு வேளைப் பிரேரணையில் எனக்குக் கொஞ்ச நேரம் கிடைத்தது. பேச்சைப் பலமுறை திருத்தினேன். பேசப்போகும் நாளை அந்த அக்காவுக்குப் போனில் சொன்னேன். பள்ளிக்கூடத்து டீவியில் எல்லோருமாக உட்கார்ந்து பார்ப்பதாகச் சொன்னார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

என் முறை வரும்போது சாயங்காலமாகிவிட்டது. எழுந்து நின்று பார்த்தேன். வரிசை வரிசையாக ஆசனங்கள் காலி. எதிர்ப்பக்கம் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் பக்கத்திலிருந்தவரிடம் சாய்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பதில் சொல்ல வேண்டிய அமைச்சர் வரவில்லை. அவருக்குப் பதிலாக வந்திருந்தவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்புக் கேட்கும் கருவி அவர் முன்னால் மேசையில் கிடந்தது. அவர் அதைக் காதில் மாட்டவே இல்லை.

நான் பேசினேன். நிறைந்த சபையில் பேசுவதுபோலக் கையை நீட்டி, குரலை உயர்த்தி. பிள்ளைத்தாய்ச்சிப் பெண் விடியுமுன்னே கக்கூசு வரிசையில் நிற்பதைச் சொன்னேன். இருநூறு வருஷமாக இந்த மண்ணைப் பொன்னாக்கியவர்களுக்குப் படுக்க இடமில்லை என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே நாடகம்போலக் கேட்டது. நான் உட்கார்ந்ததும் அமைச்சருக்குப் பதிலாக வந்தவர் எழுந்து, கையிலிருந்த தாளைச் சிங்களத்தில் வாசித்தார். உரிய கவனம் செலுத்தப்படும். அந்தத் தாள் நான் பேசுவதற்கு முன்பே தயாராக இருந்தது. வெளியே வரும்போது முதுகில் தட்டி, “நல்லா பேசினது” என்று தனக்குத் தெரிந்த இரண்டு வார்த்தைத் தமிழில் சொன்னார். நல்ல மனுஷர்தான். சிரித்துவிட்டு நன்றி சொன்னேன்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் புறப்பட்டேன். பலாங்கொடையைத் தாண்டியதிலிருந்து, சனங்களிடம் என்ன சொல்வது என்பதே யோசனை. பேசிவிட்டேன், கவனிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள். இதை எப்படிச் சொன்னால் நம்பிக்கையாக இருக்கும் என்று காருக்குள்ளேயே இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அவர்கள் கோபப்பட்டால் என்ன பதில் என்பதும் தயாராக இருந்தது.

பள்ளிக்கூடத்து வாசலில் கோபமாக யாருமே இல்லை. எல்லோரும் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினார்கள். சாவு வீட்டுக்கு வந்தவனைக் கூட்டிப்போவதுபோல என்னை உள்ளே கூட்டிப்போனார்கள். இருந்த நல்ல நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள்.

“சாப்பிட்டீங்களாய்யா?” என்றார் அந்த அக்கா. பதிலுக்குக் காத்திராமல் சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டுக் கொடுத்தார்.

நான் பேச்சைத் தொடங்கினேன். “அன்னைக்குச் சபையில…”

“பாத்தோம்யா. எல்லாம் பாத்தோம்.”

சுவரோரம் குந்தியிருந்த ஒரு பெரியவர் சொன்னார்: “கேமரா ஒரு சுத்து சுத்திச்சுங்க. ஒருத்தரையும் காணோமே. அந்த எடம் எப்பவும் ஆளா நெறஞ்சு கெடக்கும்னு நாங்க நெனச்சிருந்தோம்.”

“ஒத்த ஆளா நின்னு கத்துனீங்க. பாவமா போச்சுய்யா எங்களுக்கு,” என்றார் அக்கா. “எங்களால ஒங்களுக்கும் இந்த அவமானம்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படுக்க இடமில்லாதவர்கள், எனக்கு ஆறுதல் சொல்ல என்ன சொல்லலாம் என்று தங்களுக்குள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. தலையைத் தூக்காமல் முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கை கழுவி வந்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். ரோட்டுக்குக் கிட்ட, தேயிலை காடாகிப் பல வருஷமாகக் கைவிட்டுக் கிடக்கும் ஒரு சமநிலம் இருக்கிறது. திங்கட்கிழமை அதை வெட்டித் துப்பரவு பண்ணி, தாங்கள் இருக்கக் கொட்டில் போடப்போகிறார்கள்.

“ஐயா ஒண்ணும் பேச வேணாம்,” என்றார் அக்கா. “வந்து நின்னீங்கன்னா போதும். பொலிஸ் அடிக்க யோசிப்பான்.”

நான் கற்ற பேச்சுக்கெல்லாம் அங்கே வேலையில்லை. என் உடம்புக்குத்தான் வேலை இருந்தது.

அதற்குள் செய்தி எப்படியோ கட்சிக்குப் போய்விட்டது. மேலிடத்திலிருந்து ஒருவர் போனில், “தம்பி, தோட்டக் கம்பனி காணியில கை வைக்கிறாங்க. நீ அங்க நிக்காத. வழக்கு வந்தா நாங்க பொறுப்பில்ல,” என்றார். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை காலையில் போய் நின்றேன்.

பெண்கள்தான் முதலில் இறங்கினார்கள். பட்டுப்போன தேயிலையின் வேரைத் தோண்டி எடுப்பது லேசான வேலை இல்லை. நானும் ஒரு மண்வெட்டியை வாங்கினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. யாரோ சிரிக்காமல் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

பத்து மணிக்குக் கிட்ட துரையின் ஜீப் வந்தது. பின்னால் பொலிஸ். துரை இளைஞர், மரியாதையானவர். நேரே என்னிடம் வந்து கேட்டார். “சேர், இது ஒங்க தலைமையில நடக்குதா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அக்கா நடுவில் வந்துவிட்டார். “இல்லீங்க தொர. நாங்களாத்தான் வெட்டுறோம். ஐயா சும்மா பாக்க வந்திருக்காங்க.”

என்னைக் காப்பாற்றிவிட்டார். நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. “நானும் இவங்களோடதான்” என்று பிறகு சொன்னேன். ஆனால் அந்தப் பெண் முந்திக்கொண்ட பிறகு அந்த வார்த்தைக்குப் பெறுமதி இல்லை. துரை எனக்காக அல்ல, பத்திரிகையில் வரும் என்பதற்காக யோசித்தார். கொட்டில் போட்டுக்கொள்ளுங்கள், கம்பனி முடிவு சொல்லும் என்று திரும்பிப் போனார்.

முடிவு வர வருஷம் ஒன்று தாண்டியது. அந்த நிலத்தில் வீடுகள் வந்தன. ஆனால் எல்லோருக்கும் இல்லை. புருஷன் பெண்சாதி இரண்டு பேரும் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்துக்கு முதலில் என்று கம்பனி ஒரு விதி வைத்தது. நான் பல கதவுகளைத் தட்டிப் பார்த்தேன். அந்த விதியை அசைக்க முடியவில்லை. புருஷன் கொழும்பில் வேலை செய்ததால் அந்த அக்காவுக்கு வீடு கிடைக்கவில்லை. திறப்பு விழாவில் என்னை மேடையில் உட்கார வைத்து, வீடு தந்த வள்ளல் என்று ஒருவர் ஒலிவாங்கியில் சொன்னார். கூட்டத்தில் அந்த அக்காவைத் தேடினேன். வரவில்லை.

கொஞ்ச நாளைக்கு முன் ஹாலிஎலயில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் அவரைக் கண்டேன். தோட்டத்தை விட்டு வந்து, ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். கூட வந்த பெண்ணிடம், “இவங்கதான் எங்களுக்காகப் பாராளுமன்றத்துல பேசினவங்க,” என்று என்னைக் காட்டினார். கேலி இல்லை. பெருமையாகத்தான் சொன்னார்.

விடாமல் வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஒரு கடைக்குப் பின்னால் வாடகை அறை. கட்டிலில் என்னை உட்கார வைத்துவிட்டு பால் விடாத பிளேன்டி ஊற்றினார். அடுத்த கட்ட வீடுகளிலாவது அவருக்கு இடமுண்டா என்று நான் விசாரித்து வைத்திருந்தேன். வழியெல்லாம் வேறு கதை பேசிவிட்டு அங்கேதான் சொன்னேன்.

“அக்கா, அடுத்த தடவையும் ஒங்களுக்கு வரல.”

“தெரியும்யா,” என்றார். “சீனி போதுமா?”

போதும் என்றேன். புருஷன் தீபாவளிக்கு வருவாரா என்று கேட்டேன். லீவு கிடைத்தால் வருவார் என்றார்.