வெர்லின் தொடாத கார்

இந்தியானாவில் எங்கள் ஊர் பல்சக்கரத் தொழிற்சாலையில் வெர்லின் ஹாஃப்மயர் இருபத்தெட்டு வருடம் கடைசல் இயந்திரத்தில் நின்றவன். கதவு இறுகினாலும் புல்வெட்டி மக்கர் பண்ணினாலும் தெருவே அவனைத்தான் கூப்பிடும். பேச்சு கம்மி. வேலை அப்படி ஒரு நேர்த்தி.

அவன் மகள் டெலாவுக்கு ஒன்பது வயது. சாரணர் பிள்ளைகள் சரிவுத் தடத்தில் உருட்டிவிடும் கட்டைக் கார் பந்தயத்துக்காக, கொடுத்த பைன் கட்டையை அவளே அறுத்து, தேய்த்து, மஞ்சள் பூசியிருந்தாள். கோணல்மாணல்தான். பந்தயக் கூடத்தில் எடை பார்க்கும் மேசையில் இருந்த என்னிடம் சொன்னாள்: "அப்பா இன்னும் தொடவே இல்ல, மிஸ் கோரின். கடைசியா ஒரே ஒரு வேலையாச்சும் அவர் செய்யணும்."

கார் ஐந்து அவுன்ஸைத் தாண்டக் கூடாது. தராசு கொஞ்சம் கூடுதலாகக் காட்டியது. அடியில் ஒரு துளை போட்டால் சரியாகிவிடும். துளைக்கும் கருவியைப் பெரியவர்கள்தான் தொடலாம்.

"அப்பா, நீங்க போடுங்க!" என்று குதித்தாள் டெலா.

வெர்லின் கால்சட்டைப் பைக்குள் இருந்த கையை எடுக்கவில்லை. "வேண்டாம்மா. மிஸ் கோரின் போடட்டும்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஏம்ப்பா, ஊருக்கெல்லாம் ஓடி ஓடிச் செய்வ, பெத்த பொண்ணுக்கு ஒரு துளை போட வலிக்குதா?" வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவன் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். கருவியை எடுத்து நானே அழுத்தினேன். முனை வழுக்கி, சக்கர அச்சு உட்காரும் பள்ளத்தைப் பிளந்தது. எடை சரியாகிவிட்டது. பின்சக்கரம் சாய்ந்துவிட்டது. பசை வைத்தேன். ஒட்டுமா அது!

பந்தயத்துக்கு முன் வெர்லின் காபி எடுக்க என் பக்கம் வந்தான். வேறு வழியில்லாமல் கையை வெளியே எடுத்தான். பாதிக் காபி மேசையில் சிந்தியது. கை அப்படி நடுங்கியது. எட்டு மாதமாக இப்படித்தானாம். இயந்திரத்தை விட்டு இறக்கி, பெட்டி அடுக்க வைத்துவிட்டார்களாம். தெருவில் கூப்பிட்டவர்களுக்கும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தானாம். மருந்தும் கேட்கவில்லையாம்.

"டெலாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பயந்துடுவா."

"சத்தியமா சொல்லமாட்டேன்," என்றேன். வேறென்ன சொல்ல, பாவி நான்.

மஞ்சள் கார் பாதித் தடத்திலேயே நின்றுபோனது. டெலா அழவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அப்பாவுக்கு என் கார் அசிங்கமா தெரிஞ்சுதா? அதான் தொடலையா?"

"இல்லடி கண்ணு."

"அப்போ ஏன்?"

கூடத்தின் மறுகோடியில் அவன் இரண்டு கையையும் பைக்குள் வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குத் தெரியலம்மா," என்றேன்.

அவள் தலையாட்டினாள். அப்பா கண்ணில் படாதபடி காரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அவனிடம் போனாள்.