எரிமலையைத் தேடிப் போன ஞாயிற்றுக்கிழமை

சிங்கப்பூரின் தெற்குத் தீவுகளுக்குப் போகத் திட்டமிடுகிறவர்கள் நிறையப் பேர் வழி கேட்கிறீர்கள். என் முதல் பயணத்தையே சொல்லிவிடுகிறேன். அது 1962 ஜூன் மாதம். தேக்கா பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் பூகோளம் எடுத்துக்கொண்டிருந்தேன். வயது இருபத்து நான்கு, வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

எங்கள் பாடநூல் சென்னையில் அச்சானது. தீவுக்கூட்டம் எப்படி உருவாகிறது என்பதற்கு அதில் ஒரே ஒரு படம், அதுவும் எரிமலைப் படம். சிங்கப்பூர் அந்தப் புத்தகத்தில் கிடையாது. அதனால் நானே நம் தீவுகளைச் சேர்த்து, "இவையும் எரிமலை கக்கியவை" என்று கரும்பலகையில் எழுதினேன். அரையாண்டுத் தேர்விலும் ஏழாவது கேள்வியாக வைத்தேன், பத்து மதிப்பெண். வினாத்தாள் அச்சாகி வந்த பிறகுதான் என் கணவர் செல்வம் அதைப் பார்த்தார். அவருக்குத் துறைமுகத்தில் கடல் வரைபடம் வரையும் வேலை.

"டீச்சரம்மா, இங்க ஏது எரிமலை? எல்லாம் முங்கிப்போன மலை லா."

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். எரிமலைக் கல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று கிளம்பிவிட்டேன். மறுநாள் திங்கட்கிழமை தேர்வு.

தேக்காவிலிருந்து டாக்சிக்கு ஒரு வெள்ளி இருபது காசு. கிளிஃபர்ட் பியர் படகுத்துறையில் மோட்டார் வைத்த சம்பான் படகு, போய்வர எட்டு வெள்ளி. காலை 6.10க்குக் கிளம்பி, ஐந்து மைல் கடந்து, ஏழு மணிக்கு நானும் அவரும் சிஸ்டர்ஸ் தீவுகள் இரண்டில் ஒன்றில் இறங்கினோம். கடல் நன்றாக வற்றியிருந்த நேரம்.

கல்லைக் கையில் எடுத்ததுமே என் முகம் தொங்கிப்போனது. மணல், கூழாங்கல், மறுபடி மணல் என்று அடுக்கடுக்காக இருந்தது. ஏதோ பழைய ஆறு கொண்டுவந்து கொட்டி, இறுகிப்போன கல். அடுக்குகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து தண்ணீருக்குள் இறங்கின. நிமிர்ந்து எதிர்த் தீவைப் பார்த்தேன். அங்கும் அதே கல், அதே சரிவு!

எங்கள் படகோட்டி, பாக்சிக் என்று எல்லாரும் கூப்பிடும் பெரியவர், மலாயில் சொன்னார்: "நடுவுல தண்ணிக்கு அடியிலயும் இதே கல்லுதான் டீச்சர். வலை போட்டா கிழிஞ்சிடும்."

அப்போதுதான் விளங்கியது. பூமி நெருக்கியதில் மடிந்து எழுந்த மலைத்தொடர் அது. மென்மையான பகுதிகளை மழை அரித்துப் பள்ளத்தாக்காக்கியது, கெட்டியான பகுதி முகடாக நின்றது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் எங்கோ பனி உருகி, கடல் ஏறி, பள்ளத்தாக்குகளை நிரப்பியிருக்கிறது. அதற்கு முன் இங்கிருந்து சுமத்ராவுக்கு நடந்தே போயிருக்கலாம். தோற்றுப்போனதுகூட மறந்துவிட்டது.

"என்னங்க, நாம இப்ப மலை உச்சியிலயா நிக்கிறோம்?" என்றேன். அவர் சிரிக்காமல் ஆமாம் என்று தலையாட்டினார்.

போகிறவர்களுக்கு: முதலில் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பாருங்கள், வற்றும் நேரத்தில் போனால்தான் அடுக்குகள் தெரியும். வழுக்காத செருப்பு வேண்டும். பவளத்தை மிதிக்காதீர்கள். இரண்டு தீவுக்கும் நடுவே நீந்தவே வேண்டாம், நீரோட்டம் பொல்லாதது. ஜாவா பக்கம் போனால் நிஜமான எரிமலைத் தீவுகளையும் பார்க்கலாம். புத்தகம் பொய் சொல்லவில்லை, அவசரப்பட்டது நான்தான்.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியரிடம் போய் ஏழாம் கேள்வியே தப்பு என்று சொன்னேன். "பேப்பர் அச்சாயிடுச்சு. நீங்க இன்னும் பெர்மனன்ட் ஆகலம்மா, யோசிச்சுக்குங்க" என்றார். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வகுப்புக்குப் போய் ஏழாம் கேள்வியை அடித்துவிடச் சொன்னேன். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

தேர்வு முடிந்ததும், நான் சொல்லிக்கொடுத்தது தப்பு என்று ஒப்புக்கொண்டு, பார்த்ததை எல்லாம் சொன்னேன். முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள்:

"அப்ப சிங்கப்பூரும் ஒரு தீவுதானே டீச்சர்? நம்ம கிளாஸும் மலை மேலதான் இருக்கா?"

"இதுவும்தான்" என்றேன்.

முப்பத்தெட்டுப் பேரும் குனிந்து தரையைப் பார்த்தார்கள்.